பிளக் வயர்: கம்பியா, வடமா?

ஸ்பார்க் பிளக், பிளக் வயர், இக்னிஷன் காயில். பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த மூன்றும் பழகிய சொற்கள். மொபெட் கிளம்ப மறுத்தால் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டிய தலைமுறை நம்முடையது. தமிழில் என்ன என்று கேட்டால் தீப்பொறிச் செருகி, உயர் அழுத்தக் கம்பி, தீமூட்டுச் சுருள் என்று பதில் வரும். இவற்றில் நடுவில் நிற்கும் சொல் பிழை என்பது என் கருத்து. அந்தப் பிழை கடை வரைக்கும் கூடவே வந்து, தவறான பொருளை வாங்க வைக்கிறது. அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் பிளக். ஆங்கிலத்துக்கு இது டச்சு மொழியிலிருந்து வந்தது. ஓட்டையை அடைக்கும் மரமுளை, தக்கை என்பதே பழைய பொருள். எஞ்சினின் தலையில் ஒரு துளை இருக்கிறது. அதை இறுக அடைத்துக்கொண்டு உள்ளே பொறி விடுகிறது. எனவே பொறி விடும் அடைப்பான். மற்ற ஐரோப்பிய மொழிகள் இதைப் பார்த்த பார்வை வேறு. ஜெர்மானியர் ‘சுண்ட்கெர்ட்சே’ என்கிறார்கள், பற்றவைக்கும் மெழுகுவர்த்தி என்று பொருள். பிரெஞ்சில் ‘பூஜி’, இத்தாலியத்தில் ‘கண்டேலா’, இரண்டும் மெழுகுவர்த்திதான். வெள்ளைப் பீங்கான் உடலும் நுனியில் ஒரு சுடருமாக நிற்கும் அந்தப் பொருளைப் பார்த்தவர்களுக்கு மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

தமிழில் நமக்குக் கிடைத்த சொல் பொறி. எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று. நெருப்பிலிருந்து தெறிப்பது பொறி. அடி விழுந்தால் கண்ணில் பொறி பறக்கும், யோசனை வந்தால் மனத்தில் பொறி தட்டும். கண், காது முதலான புலனுறுப்புகள் ஐம்பொறி. கல்லில் எழுத்தை வெட்டுவதும் பொறித்தல்தான். எலியைப் பிடிப்பது பொறி. கோட்டை மதிலில் பகைவர் மீது எறிவதற்காக வைத்த கருவிகளும் பழந்தமிழில் பொறிகளே. அந்த வழியில்தான் எந்திரமும் பொறி ஆயிற்று, பொறியியல் பிறந்தது. பெட்ரோல் எஞ்சினை உள்ளெரி பொறி என்று எழுதுகிறோம். ஆக, பொறிக்குள் பொறி பறக்கிறது. இங்கே ‘பொறிச் செருகி’ என்று மட்டும் எழுதினால் எந்திரத்தின் செருகியா, நெருப்பின் செருகியா என்ற ஐயம் எழும். முன்னால் ‘தீ’ வந்தே ஆக வேண்டும். வல்லின றகரத்தையும் விட்டுவிடக் கூடாது: ‘பொரி’ என்றால் அது ஆயுத பூசைக்குப் படைப்பது.

செருகி என்ற பின்பகுதி முழுக்கப் பொருந்துகிறது என்று சொல்ல மாட்டேன். பூவைக் கொண்டையில் செருகுகிறோம், கத்தியை இடுப்பில் செருகுகிறோம். இதுவோ மரை வெட்டப்பட்டது; திருகித்தான் ஏற்ற வேண்டும். ஆனாலும் மின்சாரப் பிளக்குக்குச் செருகி என்ற சொல் நிலைத்துவிட்டதால் தீப்பொறிச் செருகியை ஏற்றுக்கொள்ளலாம், யாரும் ஏமாறப் போவதில்லை.

இக்னிஷன் என்பதன் வேர் லத்தீனின் ‘இக்னிஸ்’, நெருப்பு. வடமொழியின் ‘அக்னி’யும் அதுவும் உடன்பிறப்புகள். தீமூட்டல் என்ற தமிழ் அதற்கு அழகாகவே அமைந்திருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டைத் தீமூட்டுச் சுருள் 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. அதை முறைப்படி ஒவ்வொரு செருகிக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பகிர்வி என்று சொல்லலாம். ஸ்பெயினில் இதற்கு ‘டெல்கோ’ என்றே பெயர். 1909இல் சார்லஸ் கெட்டரிங்கும் கூட்டாளியும் அமெரிக்காவில் தொடங்கிய டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர், அகராதிச் சொல்லாகவே அங்கே தங்கிவிட்டது.

இனி வயர், அந்த மின்சாரத்தைச் செருகிக்குக் கொண்டுபோவது. கம்பி என்றதும் மனத்தில் வருவது உலோகம்: செம்புக் கம்பி, முள்கம்பி, சன்னல் கம்பி. பழைய வண்டிகளில் பிளக் வயரின் உள்ளே செம்பு இழைகள் இருந்தது உண்மை. இன்று கடையில் கிடைக்கும் பலவற்றை வெட்டிப் பார்த்தால் உலோகமே தென்படாது. கரி ஏற்றிய கண்ணாடி இழையும் நூலும்தான் உள்ளே இருக்கும். ஏன் இப்படி? ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1887 வாக்கில் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டியது ஒரு தூண்டு சுருளையும் பொறி பறக்கும் இடைவெளியையும் கொண்டுதான். நம் எஞ்சினிலும் அதே இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம். அந்த இரைச்சல் முதலில் வண்டியின் ரேடியோவில் கரகரத்தது. இப்போது எஞ்சினை ஆளும் கணினியையே குழப்பக்கூடும். இரைச்சலை அடக்கவே கரி இழையில் ஓர் அடிக்குச் சில ஆயிரம் ஓம் மின்தடை வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. காந்தத்தன்மை கொண்ட நடுத்தண்டின் மேல் மெல்லிய இழையைச் சுருளாகச் சுற்றிய இன்னொரு வகையில் தடை சில நூறு ஓம்தான். இரைச்சலைச் சுருளே தடுத்துவிடும், ஆயுளும் அதிகம், விலையும் அதிகம்.

கம்பி என்று நினைத்துக்கொண்டு போகிறவர் என்ன கேட்பார்? ‘நல்ல கெட்டியான செம்பாகக் கொடுங்கள்’ என்பார். எட்டு மில்லிமீட்டர் தடிமன் என்றால் மின்சாரம் தாராளமாகப் பாயும் என்று நம்புவார். அந்தத் தடிமன் பெரும்பாலும் வெளியே இருக்கும் ரப்பர் காப்பு. 20,000 வோல்ட் பக்கத்து இரும்பில் தாவாமல் தடுப்பதும், புகைபோக்கிக் குழாயின் சூட்டைத் தாங்குவதும் அதன் வேலை. சூட்டுக்குச் சிலிக்கோன் ரப்பர் உகந்தது.

வடம் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். தேர் வடம் நாரை முறுக்கிச் செய்தது. முத்து வடம் கோத்துச் செய்தது. மண்ணுக்கடியில் போகும் மின்கேபிளைப் புதைவடம் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இழைகளைச் சேர்த்து, உறை போர்த்தி, ஒன்றைக் கடத்திச் செல்வது எதுவோ அது வடம். பிளக் வயருக்கு ‘தீப்பொறி வடம்’ என்பதே பொருத்தம் என்று சொல்வேன்.

நம் ஊர் லாரிகள் பெரும்பாலும் டீசல் என்பதால் இந்த வடங்கள் அவற்றில் கிடையா. டீசலில் காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. குளிரில் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக் பொறி விடாது, பழுக்கக் காய்ந்து சூடு மட்டும் தரும். அதைத் தீப்பொறிச் செருகி என்று மொழிபெயர்ப்பது பிழை, வெப்பூட்டுச் செருகி எனலாம். வடங்களின் கதையை முழுதாகப் பார்க்க அமெரிக்கப் பெட்ரோல் டிரக்குக்குத்தான் போக வேண்டும். செவ்ரலே பிக்கப்பின் 5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் நல்ல எடுத்துக்காட்டு. 1970களின் தொடக்கத்து வண்டியில் எட்டு வடங்களோடு சுருளுக்கும் பகிர்விக்கும் இடையே ஒன்று, மொத்தம் ஒன்பது. 1975இல் வந்த புதிய மின்னணுப் பகிர்வியின் மூடிக்குள்ளேயே சுருள் ஏறிக்கொண்டது, வடம் எட்டாயிற்று. 1987இல் சுருள் மறுபடி வெளியே வந்தது, மீண்டும் ஒன்பது. 1999இல் செவ்ரலே கொண்டுவந்த சில்வராடோ பிக்கப்பின் புதிய எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் பகிர்வியே இல்லை. சிலிண்டருக்கு ஒரு சுருள், எட்டுக் குட்டை வடங்கள். முனைகளும் மாறின: பழைய மூடியில் வடம் குழிக்குள் இறங்கும், 1975க்குப் பிந்தைய பெரிய மூடியில் மேலெழுந்த தண்டின் மேல் கவிழும். எனவே ‘செவ்ரலே 5.7’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. ஆண்டைச் சொல்லி, பழைய வடத்தின் இரு முனைகளையும் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

பகிர்வி வைத்த அந்த 5.7 லிட்டர் எஞ்சினில் பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பொறி பெறுபவை. அவற்றின் வடங்கள் ஒட்டி ஓடினால் ஐந்தின் துடிப்பு ஏழில் தூண்டப்பட்டு, ஏழாவது உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும். இடையில் பிரிப்பான் வைத்து விலக்க வேண்டும். வடங்களை மாற்றும்போது ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதே பாதுகாப்பு. பழைய வடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க இரவில் விளக்கை அணைத்து எஞ்சினை ஓட விடுங்கள். காப்பு விண்ட இடத்தில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். பட்டறையில் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லும் பொறி தவறுதலுக்கு இதுவும் ஒரு காரணம்.

செருகியின் மேல் அச்சிட்ட குறியீட்டில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே மின்தடை உண்டு என்று பல தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். செருகி தன் சூட்டை எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பதைக் காட்டும் வெப்ப எண்ணில் கவனம் தேவை; விரைவில் வெளியேற்றுவது குளிர்ந்த வகை, மெதுவாக வெளியேற்றுவது சூடான வகை: என்ஜிகே செருகியில் எண் கூடினால் குளிர்ந்த வகை, பாஷ் செருகியில் எண் கூடினால் சூடான வகை. ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொன்றின் செருகியை வாங்கிவிடக் கூடாது.

நம் சாலைகளிலும் சிஎன்ஜி லாரிகளும் பஸ்களும் ஓடுகின்றன. அழுத்திய எரிவாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் வேண்டும் என்பதால் அவற்றில் செருகியும் காப்பும் விரைவாகத் தேய்கின்றன. டீசல் மட்டுமே தொட்ட பட்டறைகளுக்கும் இந்தச் சொற்கள் இனி தேவைப்படும். எழுதும்போது ஒன்று: தீப்பொறிச் செருகியில் ‘ச்’ மிகும், தீப்பொறி வடத்தில் வகரம் வருவதால் எதுவும் மிகாது.