‘ஆசிட் இல்லைங்க மேடம், பவுடர்தான்!’

குன்னூரில் கண் மருத்துவராக இருக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கினாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. செல்போனில் பார்த்த ‘எக்ஸ்பெரிமென்ட்’டை வீட்டில் செய்து பார்த்துவிட்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு யாராவது ஒரு பிள்ளை வந்துவிடும். போன வாரம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். காலி தண்ணீர் பாட்டிலில் சிங்க் அடைப்பு எடுக்கும் பவுடரைக் கொட்டி, தண்ணீர் விட்டு, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறான். பாட்டில் வாயில் பலூனை மாட்டுவதற்குள் கொதித்துப் பொங்கி முகத்தில் அடித்துவிட்டது. “ஆசிட் எல்லாம் இல்லைங்க மேடம், சும்மா பவுடர்தான். முகத்தைக் கழுவிட்டுத்தான் கூட்டிட்டு வந்தோம்” என்றார் அவன் அம்மா. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் ‘பவுடர்தான்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆசிட் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். நியாயமான நடுக்கம்தான். 18 வயது ஆகாதவர்களுக்கு அதை விற்கக் கூடாது, வாங்குகிறவரின் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. சிங்க் பவுடருக்கோ எந்தக் கேள்வியும் கிடையாது. மளிகைக் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதில் இருப்பது காஸ்டிக் சோடா. கடும் காரம். மிளகாய்க் காரம் இல்லை, ஆசிட்டுக்கு நேரெதிரான வகை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும், வெள்ளையடிக்கிற சுண்ணாம்பும் காரம்தான்.

கண்ணைப் பொறுத்தவரை காரம் ஆசிட்டைவிடப் பொல்லாதது. பெரும்பாலான ஆசிட்டுகள் கருவிழியில் பட்டதும் மேலே இருக்கும் புரதம் வெந்து இறுகிவிடும். இறுகிய அந்தப் படலமே ஆசிட்டை ஓரளவு மேலேயே நிறுத்திவிடும். காரம் அப்படி நிற்காது. செல்களைச் சுற்றியுள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். சோப்புக் காய்ச்சுகிறவர்கள் எண்ணெயில் காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் என்ன நடக்கிறதோ, அதேதான் கண்ணுக்குள்ளும் நடக்கிறது. சில நிமிடங்களில் கருவிழியைத் தாண்டிவிடும். முகத்தைத் துடைத்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

“கண்ணு சிவக்கவே இல்லை மேடம், வெள்ளையாத்தான் இருக்கு” என்று நிம்மதியோடு சொல்பவர்களும் உண்டு. எங்களுக்கு அதுதான் கவலை. கருவிழியின் ஓரத்தில் இரத்தக் குழாய்கள் கருகிப் போனால் கண் வெளுத்துவிடும். சிவந்த கண்ணைவிட அந்த வெளுத்த கண்ணுக்காகத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம்.

இத்தனையும் படித்துவிட்டு, “இனிமே இந்தப் பக்கமே போகாதே” என்று பிள்ளையை அதட்டிவிட்டு முடித்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் வேதியியல் செய்வது ஒரு காலத்தில் மரியாதைக்குரிய பொழுதுபோக்கு. 1856-ல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், லண்டனில் தன் வீட்டுச் சோதனையறையில் மலேரியா மருந்தான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். கொய்னா வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்து பிறந்தது. அதே கொய்னாவுக்காகத்தான், அதைப் பட்டையில் கொண்ட சிங்கோனா மரத்தைச் சில ஆண்டுகள் கழித்து நம் மலையில் நட்டார்கள். நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலையே நடந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். ஊட்டி இந்து நகரில் பிலிம் தொழிற்சாலை ஓடிய நாட்களில், குளியலறையையே இருட்டறையாக்கிப் படம் கழுவியவர்கள் இங்கே இருந்தார்கள். கண்புரைக்காக என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் அந்தக் கூட்டம். டெவலப்பர் எத்தனை கிராம், ஹைப்போ எவ்வளவு, தண்ணீரின் சூடு எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாராம். ஒவ்வொரு புட்டிக்கும் பெயர் ஒட்டி, பூட்டி வைத்து, மகனைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டித்தான் பழக்கினாராம். டிஜிட்டல் கேமரா வந்தது, பிலிம் போனது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. மேலைநாடுகளில் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்த வேதியியல் பெட்டிகளும், பாதுகாப்புச் சட்டங்கள் இறுகிய பிறகு சத்தில்லாமல் போய்விட்டன. போனது பொருள் மட்டுமில்லை. எடை பார்ப்பது, எழுதி வைப்பது, பெரியவர் ஒருவர் கூட நிற்பது எல்லாம் சேர்ந்து போய்விட்டன. பிள்ளையின் ஆர்வம் மட்டும் போகவில்லை. அதற்கு இப்போது துணை ஒரு நிமிட வீடியோ.

அந்தக் கோத்தகிரிப் பையனுக்கு லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவினோம். நடுநடுவே கீழ் இமைக்குள் பிஎச் தாளை வைத்துப் பார்ப்போம். ஆசிட்டா காரமா என்று நிறத்தால் காட்டும் தாள் அது. நிறம் நடுநிலையான ஏழுக்கு வரும்வரை நிறுத்த மாட்டோம். அத்தனை வலியிலும் அவன் கேட்டான்: “மேடம், இப்ப எத்தனை?” இந்தப் பிள்ளையிடம் போய் வேதியியலைத் தொடாதே என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆகவே செய்யட்டும். ஊட்டி மார்க்கெட்டில் கிடைக்கும் ஊதா முட்டைக்கோஸை வேகவைத்து வடித்த தண்ணீரில் எலுமிச்சை விட்டால் ரோஸ் நிறம், ஆப்ப சோடா போட்டால் நீலப்பச்சை. கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கின் முன்னால் டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடாவைப் பிடித்தால் அதிலுள்ள கொய்னா நீலமாக ஒளிரும். விளக்கை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட உட்காருங்கள். பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. சிங்க் பவுடர், கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றும் பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் நீங்களும் சேர்க்காதீர்கள். குளோரின் கிளம்பும், குளிருக்குச் சன்னலைச் சாத்தி வைக்கும் நம் வீடுகளில் அது போக வழியில்லை.

கண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியே தண்ணீர். அரை மணி நேரம், இமையை விரித்துப் பிடித்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவிடுங்கள். உறைபனிக் காலத்தில் குழாய்த் தண்ணீர் விறைக்கிறது என்று இரண்டு கை அடித்துவிட்டு வண்டியேற்றிவிடுகிறீர்கள். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் கண் வெந்துகொண்டே வருகிறது. பச்சைத் தண்ணீரில் ஆரம்பியுங்கள், பக்கத்தில் ஒருவர் வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கட்டும். தாய்ப்பால் வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையைப் பிழிந்துவிடாதீர்கள், தயவுசெய்து. சுண்ணாம்புத் துகள் இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும். வலி குறைந்தாலும் எங்களிடம் காட்டியே ஆக வேண்டும். வரும்போது அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால் எங்களுக்கு நேரம் மிச்சம்.