பறக்கும்போது ஆல்டர்நேட்டர் நின்றுவிட்டால்

செஸ்னா 172எஸ் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தின் மின்னமைப்பு 28 வோல்ட்டில் இயங்குகிறது. அந்த மின்சாரத்தை எஞ்சினின் சுழற்சியிலிருந்து உண்டாக்கித் தருவது ஆல்டர்நேட்டர். வோல்டேஜ் 24.5-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆல்டர்நேட்டரின் பெல்ட் அறுந்திருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம்; வோல்டேஜ் ஒரு கணம் எகிறியதால் கட்டுப்பாட்டுக் கருவியே அதைத் துண்டித்திருக்கவும் கூடும். எதுவானாலும் எஞ்சின் நிற்காது. தீப்பொறிக்கான மின்சாரத்தை எஞ்சின் சுழற்றும் இரண்டு மேக்னெட்டோக்கள் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன, பேட்டரியை நம்பியில்லை. விமானி யோசிக்க வேண்டியது பேட்டரியில் மிச்சமுள்ளதை எதற்குச் செலவழிப்பது என்பதைத்தான்.

முதலில் ரேடியோ போன்ற மின்னணுக் கருவிகளுக்கான ஏவியானிக்ஸ் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு ஆல்டர்நேட்டரின் சர்க்யூட் பிரேக்கர் வெளியே தள்ளியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரே ஒரு முறை அழுத்தலாம். மறுபடி தள்ளினால் விட்டுவிட வேண்டும். எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, திரும்பத் திரும்ப அழுத்துவது தீயை வரவழைப்பதுதான். அடுத்து பேட்டரி, ஆல்டர்நேட்டர் என இரண்டு பாதிகளாக உள்ள மாஸ்டர் சுவிட்சை அணைத்து, மறுபடி போட வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி துண்டித்ததுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

விளக்கு அணையவில்லையா? மாஸ்டரின் ஆல்டர்நேட்டர் பாதியை மட்டும் அணைத்துவிட்டு, மின்சாரத்தை விழுங்குபவற்றை நிறுத்த வேண்டும். பிட்டோ ஹீட்டர் (வேகமானிக்குக் காற்றைத் தரும் குழாயைச் சூடாக்குவது), தரையிறங்கு விளக்கு இரண்டும் முதலில். ஏவியானிக்ஸ் சுவிட்சை மறுபடி போட்டாலும் ஒரு ரேடியோ போதும். அதிலும் கேட்பதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம், பேசுவதற்குப் பல மடங்கு ஆகும். எனவே நிலைமையையும் இறங்கப்போகும் இடத்தையும் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பழையதானால் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. ரேடியோ ஓயப்போகிறது என்று தெரிந்தால் ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் உயிரோடு இருக்கும்போதே, ரேடியோ தொடர்பு இல்லை என்பதற்கான 7600 என்ற எண்ணைப் போட்டுவிடுவது நல்லது.

மின்சாரம் முழுக்கப் போனால் எரிபொருள் அளவுமானியும் செத்துவிடும். அது பூஜ்யத்தைக் காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் போதும். வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தில் இயங்குபவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பலர் கோட்டைவிடும் இடம் ஃபிளாப், அதாவது மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்மடல். இந்த விமானத்தில் அதை இறக்கி ஏற்றுவது மின்மோட்டார். கடைசி மின்சாரத்தில் முழுக்க இறக்கிவிட்டு, தரையிறங்க முடியாமல் மறுபடி மேலேற வேண்டி வந்தால், அதை உள்ளே இழுக்க வழியில்லை; விமானம் ஏறத் திணறும். ஃபிளாப் இல்லாமலே 65 முதல் 75 நாட் வேகத்தில் வந்து, நீளமான ஓடுபாதையில் இறங்குவதே மேல். ரேடியோ ஓய்ந்துவிட்டால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து காட்டும் ஒளியைப் பார்க்க வேண்டும்; நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பகலில் இறக்கையை அசைத்துப் பதில் சொல்லலாம்.

இதெல்லாம் மேக்னெட்டோ எஞ்சினுக்குத்தான். கணினி கட்டுப்படுத்தும் டீசல் எஞ்சின்களின் கதை வேறு. 2007-இல் ஜெர்மனியில் டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று, பேட்டரி காலியாக இருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்யப்பட்டுக் கிளம்பியது. மேலெழும்பியதும் சக்கரத்தை உள்ளிழுத்தபோது வோல்டேஜ் சரிந்து, இரு எஞ்சின்களும் ஒரே நேரத்தில் நின்றன. பிறகு அந்த எஞ்சின் கணினிகளுக்கெனத் தனி மாற்று பேட்டரி சேர்க்கப்பட்டது.