எட்டுக் கோப்ளின்கள் ஏன் ஓர் ஓகரைவிடக் கொடியவை?

இணையவழியில் நண்பர்கள் நால்வருக்கு, கதாபாத்திரங்களாக மாறிப் பகடை உருட்டி அரக்கர்களோடு மோதும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்திவரும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என் குழுவினர் எல்லோரும் இரண்டாம் லெவலில் இருக்கிறார்கள். முதல் வாரம் 450 அனுபவப் புள்ளி மதிப்புள்ள, ஓகர் என்னும் ஓர் அரக்கனை இறக்கினேன். மூன்றே சுற்றில் அடித்துச் சாய்த்துவிட்டார்கள். அடுத்த வாரம் தலைக்கு 50 புள்ளி வீதம் கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்கள் எட்டை இறக்கினேன்; மொத்தம் 400 புள்ளிதான். இருவர் மயங்கி விழ, மற்ற இருவரும் ஓடித் தப்பினார்கள். குறைந்த புள்ளிக்கு அதிக அடி எப்படி? தவறு கணக்கிலா, பகடையிலா?"

பகடை குற்றமற்றது. எதிரிகளின் ஆபத்தைப் புள்ளிகளால் அளக்கும் விதிநூலின் அட்டவணையும் பெரும்பாலும் சரியே. கூட்டக் கூடாத இடத்தில் கூட்டியதுதான் வாசகரின் பிழை. அந்தப் பிழைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எண்கள் யாவும் 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைச் சார்ந்தவை.

அடிப்படை தெரிந்ததே. இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தாக்குபவரின் கூட்டெண்ணைச் சேர்க்க வேண்டும். தொகை எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். ஓகருக்குக் கவச எண் 11, அடி தாங்கும் அளவான உயிர்ப்புள்ளி 59. நம் ஆட்களுக்குக் கூட்டெண் 5 என்று கொண்டால் பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். அதாவது 75 சதவீத வாய்ப்பு. ஓர் அடிக்குச் சராசரி 7.5 புள்ளி என்றால், நால்வரும் சேர்ந்து சுற்றுக்கு 22.5 புள்ளி பறிப்பார்கள். மூன்றாம் சுற்றில் ஓகரின் கதை முடிந்துவிடும். அதற்குள் ஓகருக்குக் கிடைப்பது, சுற்றுக்கு ஒன்றாக, மூன்றே மூன்று முறை, அதாவது தாக்கும் வாய்ப்பு. நம் ஆட்களின் கவச எண் 16 என்றால், ஓகரின் அடி விழ 55 சதவீத வாய்ப்பு. விழுந்தால் சராசரி 13. மூன்று முறைக்கும் சேர்த்து ஏறத்தாழ 21 புள்ளிச் சேதத்தை எதிர்பார்க்கலாம்.

இனிக் கோப்ளின்களைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளி 7, கவச எண் 15. நால்வர் தாக்கினால் சுற்றுக்கு இரண்டு அடி விழும். ஓர் அடிக்கு ஒன்று சாகும் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் எட்டும் தாக்குகின்றன, இரண்டு சாகின்றன. அடுத்த சுற்றில் ஆறு, அதற்கடுத்து நான்கு, கடைசியில் இரண்டு. ஆக, கோப்ளின்களுக்குக் கிடைத்தவை 20 முறைகள். ஒரு முறைக்கு 45 சதவீத வாய்ப்பு, அடிக்குச் சராசரி 5 புள்ளி, பெருக்கினால் 2.25. இருபது முறைக்கு 45 புள்ளி. இரண்டாம் லெவல் குழுவில் நால்வரின் உயிர்ப்புள்ளிகளையும் கூட்டினாலே ஏறத்தாழ 65, 70 தான் தேறும். வாசகரின் குழுவில் இருவர் விழுந்ததில் வியப்பே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது எதிரியின் பலத்தையல்ல, எதிரிக்குக் கிடைக்கும் முறைகளின் எண்ணிக்கையை. ஆட்டக்காரர்கள் இதை ஆக்‌ஷன் எகானமி என்பார்கள். ஒரு சுற்றுக்கு ஓர் எதிரி சாகிறது என்று வைத்தால், எதிரி ஒன்று என்றால் 1 முறை. இரண்டு என்றால் 2-உம் 1-உம் சேர்ந்து 3. மூன்று என்றால் 6. நான்கு என்றால் 10. பள்ளியில் 1 முதல் வரிசையாகக் கூட்டிப் பழகிய அதே முக்கோண எண்கள்தாம். எதிரிகளின் எண்ணிக்கையை இரட்டித்தால் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இன்னொன்றும் இதிலிருந்தே விளங்கும். குழுவினர் ஆளுக்கொரு கோப்ளினாகப் பிரித்து அடித்தால் எல்லாக் கோப்ளின்களும் கடைசிவரை உயிரோடிருந்து தாக்கும். ஒன்றையே குறிவைத்துச் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், அவற்றுக்குக் கிடைக்கும் முறைகள் கிட்டத்தட்டப் பாதியாகும். முதலில் தாக்கும் வாய்ப்பு யாருக்கு என்பதும் சின்ன விஷயமில்லை. நம் குழு முந்திக்கொண்டால், கோப்ளின்களின் 20 முறைகள் ஆறு, நான்கு, இரண்டு எனப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும்.

விதிநூல் இதை அறியாததல்ல. எதிரிகள் இரண்டு என்றால் புள்ளித் தொகையை 1.5-ஆலும், மூன்று முதல் ஆறு வரை என்றால் 2-ஆலும், ஏழு முதல் பத்து வரை என்றால் 2.5-ஆலும் பெருக்கச் சொல்கிறது 2014-ஆம் ஆண்டு அட்டவணை. வாசகரின் 400 புள்ளியைப் பெருக்கினால் 1000; இரண்டாம் லெவல் நால்வருக்கு 'உயிர்க்கொல்லி' என்னும் எல்லை தொடங்குவது 800-இல். நம் முக்கோணக் கணக்கில் தலைக்கு எத்தனை முறை என்று வகுத்துப் பாருங்கள்: ஒன்றுக்கு 1, இரண்டுக்கு 1.5, மூன்றுக்கு 2. அட்டவணையின் தொடக்கம் அப்படியே பொருந்துகிறது. எட்டுக்கு நம் கணக்கு 4.5 என்கிறது, அட்டவணையோ 2.5-ஓடு நின்றுவிடுகிறது. ஒரு பரப்பையே தாக்கும் மந்திரங்கள், எல்லோரும் நெருங்க முடியாத இட நெருக்கடி ஆகியவற்றைக் கழித்துக்கொண்டால் அந்த வேறுபாடு நியாயமானதே என்பது என் எண்ணம். 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். கணக்கு எளிதாகியிருக்கிறது, ஆனால் எண்ணிக்கையின் ஆபத்தை ஆட்டம் நடத்துபவரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. மோட்டார் கார் வடிவமைப்பில் பெயர்பெற்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர், முதல் உலகப் போர்க் காலத்தில் விமானப் படைகளைப் பற்றி எழுதியபோது இரண்டு விதிகளைச் சொன்னார். ஒவ்வொருவரும் எதிரணியில் யாரை வேண்டுமானாலும் குறிவைக்க முடிகிற போரில், ஓர் அணியின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. இது வர்க்க விதி. ஒருவரோடு ஒருவர் மட்டுமே மோத முடிகிற போரில், வலிமை வெறும் எண்ணிக்கையைப் பொறுத்தது. இது நேர்கோட்டு விதி. ஏறத்தாழ அதே காலத்தில், 1915-இல், ரஷ்யாவில் ஒசிபோவ் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது என்பதை நினைத்தால் இந்த விதிகள் அதற்குள் உயிரோடிருப்பது இயல்புதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அதே எட்டுக் கோப்ளின்கள், அதே நால்வர். ஆனால் சண்டை நடப்பது திறந்தவெளியில் இல்லை. ஐந்தடி அகலமுள்ள ஓர் இடைகழியில். கேடயமும் சங்கிலிக் கவசமும் அணிந்த போர்வீரர் அதன் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் கவச எண் 18. கோப்ளினின் அடி விழும் வாய்ப்பு 35 சதவீதமாகக் குறைகிறது. அதைவிட முக்கியமானது, வாளோடு அவரை எட்டக்கூடியது ஒரே ஒரு கோப்ளின் என்பது. பின்னாலிருக்கும் ஏழும் தங்கள் முறை வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். தோழர்கள் அவர் தோளுக்கு மேலாக அம்பெய்வதால் குறி கொஞ்சம் பிசகும். சண்டை ஆறு சுற்று இழுக்கிறது என்றே வைப்போம். ஆறு சுற்றுக்கு ஆறு தாக்குதல், ஒவ்வொன்றுக்கும் 1.75 புள்ளி, மொத்தம் பத்தரை. திறந்தவெளியில் 45 புள்ளி பறித்த அதே கூட்டம்! போர்வீரர் எதிரியை அதிகமாக அடித்துவிடவில்லை, மந்திரம் எதுவும் போடவில்லை. அவர் செய்ததெல்லாம், சண்டையை வர்க்க விதியிலிருந்து நேர்கோட்டு விதிக்கு இடம் மாற்றியதுதான்.

டேங்க் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் பாத்திரத்தின் உண்மையான வேலை இதுவே. வீடியோ கேம்களில் எதிரியின் கோபத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளக் கணினியே ஒரு கணக்கு வைத்திருக்கும். இங்கே எதிரிகளை இயக்குவது ஒரு மனிதர். கவசக்காரரைச் சுற்றிக்கொண்டு போய் மந்திரவாதியை அடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே டேங்க் என்பது பாதி கதாபாத்திரம், பாதி வரைபடம். சுவரே இல்லாத வெளியில் சண்டையை வைத்துவிட்டு, "என் குழுவின் டேங்க் எதற்கும் உதவவில்லை" என்று குறைபடுவதில் பொருளில்லை.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு டிஃபெண்டர் (காப்பவர்), ஸ்டிரைக்கர் (தாக்குபவர்), லீடர் (துணைநிற்பவர்), கண்ட்ரோலர் (கூட்டத்தைக் கட்டுப்படுத்துபவர்) என்று நான்கு பாத்திரங்களுக்கும் வெளிப்படையாகவே பெயர் சூட்டியது. அடுத்த பதிப்பு அந்தப் பெயர்களைக் கைவிட்டாலும் வேலைகள் அப்படியேதான் இருக்கின்றன. மந்திரவாதியின் உறக்க மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு முகப் பகடைகள் ஐந்தை உருட்டினால் சராசரி 22.5; அந்தத் தொகைக்குள் அடங்கும், தலா 7 உயிர்ப்புள்ளியுள்ள மூன்று கோப்ளின்கள் ஒரே முறையில் தூங்கிவிடும். எட்டு ஐந்தாகிறது, வர்க்கக் கணக்கில் 64, 25 ஆகிறது. அதே மந்திரத்தை அடிபடாத ஓகரின் மேல் ஏவினால், எல்லாப் பகடையிலும் 8 விழுந்தாலும் 40-தான். 59 புள்ளியுள்ள ஓகர் கொட்டாவிகூட விடாது.

சிகிச்சை செய்பவரின் கணக்கு வேறு மாதிரியானது, பலரும் தவறாகப் புரிந்துகொள்வதும்கூட. இந்த ஆட்டத்தில் ஒரே ஓர் உயிர்ப்புள்ளி மிச்சமிருப்பவரும் முழு உடல்நலத்தோடு இருப்பவரைப் போலவே வாள் வீசுவார். பூஜ்யத்தைத் தொடும்வரை காயத்துக்கு எந்த விளைவும் இல்லை. ஆகவே 10 புள்ளி மிச்சமிருப்பவருக்கு 7 புள்ளி சேர்ப்பதால் அந்தக் கணத்தில் ஒரு முறைகூடக் கூடுவதில்லை. விழுந்து கிடப்பவருக்கு அதே 7 புள்ளியைக் கொடுத்தால் ஓர் ஆளின் முறைகள் முழுதாகத் திரும்பி வருகின்றன.

தனியாக நிற்கும் பெரிய எதிரிக்கு இதே விதி எமனாகிறது. நால்வரின் நான்கு முறைகளுக்கு அதன் ஒரு முறை ஈடாகாது; அந்த ஒன்றையும் ஒரு மந்திரம் கட்டிப்போட்டுவிட்டால் எதிரணியின் முழு வலிமையும் போயிற்று. டிராகன் போன்றவற்றுக்கு மற்றவர்களின் முறை முடிவில் சுற்றுக்கு மூன்று கூடுதல் செயல்களை ஐந்தாம் பதிப்பு கொடுத்திருப்பது இந்த ஓட்டையை அடைக்கத்தான். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பு வேறு வழியில் போகிறது. அங்கே லெவல் வேறுபாடு குறி விழும் எண்ணிலேயே சேர்ந்துவிடுகிறது. தேவையான எண்ணை 10-ஆல் தாண்டினால் அடி இரட்டிக்கிறது. குழுவைவிட உயர்ந்த லெவலில் இருக்கும் ஒற்றை எதிரி தன் ஒவ்வொரு முறையையும் அதிகப் பயனுள்ளதாக்கிக்கொள்கிறது. எனக்கு இந்த வழியே நேர்த்தியாகப் படுகிறது.

இணையத்தில் ஆடுவோருக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும்போது எட்டு எதிரிகளுக்கும் பகடை உருட்டுவது சலிப்பான வேலை என்பதால் யாரும் பெருங்கூட்டத்தை எளிதில் இறக்குவதில்லை. ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற மென்பொருள்களில் எட்டு உருட்டலும் ஒரு சொடுக்கில் முடிந்துவிடுவதால், அந்த இயல்பான தடுப்பு காணாமல் போய்விட்டது. இரண்டாவது, யாராவது ஒருவரின் இணைப்பு அறுந்துபோவது. நால்வர் மூவரானால் குழுவின் வலிமை கால்பங்கு குறைவதாகத் தோன்றும். வர்க்க விதிப்படி அது பதினாறில் ஒன்பது பங்காக, 56 சதவீதமாகக் குறைகிறது. அப்படியென்றால் கோப்ளின்களில் பாதியை நீக்க வேண்டுமா? வேண்டாம். அவற்றின் வலிமையும் வர்க்கத்தில்தான் இருக்கிறது. எட்டை ஆறாக்கினாலே 64, 36 ஆகி அதே விகிதம் வந்துவிடும். ஓகரை அப்படித் துண்டுபோட முடியாது. அதன் உயிர்ப்புள்ளியையும் அடியையும் தனித்தனியே கால்பங்கு குறைக்க வேண்டும். 59-ஐ 44 ஆகவும், 13-ஐ 10 ஆகவும். இரண்டின் பெருக்கற்பலன் ஏறத்தாழ அதே 56 சதவீதத்துக்கு வந்து நிற்கும்.

இத்தனையும் சராசரிக் கணக்குதான். இருபது முறை உருட்டினால் ஒரு முறையாவது 20 விழுவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று முறை உருட்டும் ஓகருக்கு அது 14 சதவீதமே. விழுந்தால் சேதப் பகடை இரட்டிக்கும் என்பதால் கூட்டத்தோடு மோதும்போது எதிர்பாராத மரண அடிக்கும் தயாராக இருக்க வேண்டும். இதை உணராதவர்கள்தாம் "மென்பொருள் பகடை என்னைப் பழிவாங்குகிறது" என்று பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு உருட்டுகிறார்கள். முந்தைய உருட்டலில் உங்களுக்கு என்ன விழுந்தது என்பதைப் பார்த்து அந்த நிரல் அடுத்த எண்ணைத் தீர்மானிப்பதில்லை. ராசியான நேரம் பார்த்து உருட்டும் படித்தவர்களைக் காணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

சராசரியைத் தாண்டிப் பரவலையும் அறிய விரும்புவோர், அதே சண்டையைக் கணினியில் பத்தாயிரம் முறை நடத்திப் பார்க்கலாம். சிறிய நிரல் போதும். மான்டி கார்லோ எனப்படும் இந்த முறை, 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியாள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, கைக்கு வந்த சீட்டு வெற்றிபெறும் வாய்ப்பு எவ்வளவு என்று யோசித்ததில் பிறந்தது. பிறகு அணுக்கருவியலுக்கே அது அடிப்படைக் கருவியானது. நிகழ்தகவியலும் 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதில்தான் வேரூன்றியது. விளையாட்டைப் பற்றிய ஆய்வுக்கு நிதி கேட்டால் புன்னகைத்துவிட்டு விண்ணப்பத்தை ஓரமாக வைக்கும் குழுக்கள் இந்த இரண்டு கதைகளையும் படித்திருக்க மாட்டார்கள் போலும்.

வாசகருக்கு நேரடியான பதில் இது. அடுத்த வாரமும் அதே எட்டுக் கோப்ளின்களையே இறக்குங்கள். வரைபடத்தில் மட்டும் ஐந்தடி அகலத்தில் ஓர் இடைகழியை வரைந்து வையுங்கள். அதில் யார் முதலில் போய் நிற்க வேண்டும் என்று குழுவுக்குச் சொல்லாதீர்கள். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் கோப்ளின்களின் கையில் என்ன ஆயுதம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விதிநூலின்படி அவற்றுக்குக் குறுவில்லும் உண்டு. அதை 80 அடி வரை எந்தப் பாதகமும் இல்லாமல் எய்யலாம். எட்டும் வில்லைக் கையிலெடுத்துக்கொண்டு விலகி நின்றால் இடைகழியில் நிற்கும் வீரர் வெறும் இலக்குதான். வர்க்க விதி பழையபடி வந்து சேர்ந்துவிடும். மூன்றின் கையில் மட்டும் வில்லைக் கொடுங்கள்.