பல்பயன் மெஷினில் பின் ரூட்டிங்: டிரில் சக்கை நம்பாதீர்கள்

மரவேலை மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துப் பட்டறைகளில் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். “இருக்கிற பல்பயன் மெஷினிலேயே பின் ரூட்டிங் செய்துகொள்ளலாமா?” ரம்பம், கடைசல், டிரில் எல்லாம் ஒன்றிலேயே செய்யும் மெஷின்தான் பல்பயன் மெஷின். மேசையில் நிற்கும் சிறு கம்பியை (pin) வழிகாட்டியாக வைத்து, சுழலும் வெட்டுமுனையால் (பிட் அல்லது கட்டர்) மரத்தில் வடிவம் வெட்டுவது பின் ரூட்டிங். நியாயமான கேள்விதான். பூஜை அறைக் கதவுக்கு ஒரே அளவில் பூவிதழ்கள் வெட்ட வேண்டுமென்றால், ஓசூருக்கு அனுப்பி கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் வெட்டி வாங்கக் கூலியும் ஆகிறது, நாளும் ஆகிறது. செய்யலாம் என்றே சொல்கிறேன். ஆனால் பிட்டை எதில் பூட்டுகிறீர்கள் என்பதைப் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டேன்.

வேலை இப்படித்தான் நடக்கிறது. கட்டர் மேலே தொங்கும். அதற்கு நேர் கீழே மேசையில் ஒரு சிறு பின் நீட்டிக்கொண்டிருக்கும். வெட்ட வேண்டிய பலகையின் அடியில் டெம்ப்ளேட்டை, அதாவது வடிவ அச்சை, பொருத்தி, டெம்ப்ளேட்டின் விளிம்பு அந்தப் பின்னை உரசியபடி நகர்த்தினால், கீழே உள்ள வடிவம் மேலே விழும். பின், கட்டர் இரண்டின் விட்டமும் ஒன்றாக இருந்தால் அச்சு அசல் நகல் கிடைக்கும்.

பல்பயன் மெஷினை டிரில்லாக நிமிர்த்தி, டிரில் பிட்டைப் பிடிக்கும் சக்கில் ரூட்டர் பிட்டை இறுக்கி ஓட்டுவதைத்தான் பலரும் முதலில் செய்து பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பல டிரில் மெஷின்களில் சக்கைப் பிடித்திருப்பது திருகு அல்ல, கூம்பு வடிவத் தண்டின் உராய்வு மட்டுமே. துளை போடும்போது விசை மேல்நோக்கிப் போவதால் கூம்பு மேலும் இறுகும். ரூட்டிங்கில் விசை பக்கவாட்டில் அடிக்கிறது. தூளை மேலே தள்ளும் சுருள் பிட் போட்டிருந்தால் அது கீழ்நோக்கியும் இழுக்கிறது. காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு பட்டறையில் இப்படி ஓட்டிய மெஷினின் சக்கைக் கழற்றிப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய கூம்பில் ஒரு பக்கம் மட்டும் செம்பழுப்புத் தூள் அப்பியிருந்தது. ஒவ்வொரு அதிர்விலும் இரும்பும் இரும்பும் நுண்ணளவில் தேய்ந்ததன் அடையாளம் அது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சக் பிட்டோடு கழன்று மேசையில் விழுந்திருக்கும். பலகையைப் பிடித்த கைகள் அங்கேதான் இருக்கும்.

வேகமும் போதாது. அமெரிக்காவில் 1940-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த ஷாப்ஸ்மித், பல்பயன் மெஷின்களில் பெயர் பெற்றது. அதன் மார்க் 5 மாடலே நிமிடத்துக்கு 700 முதல் 5,200 சுற்றுதான் தரும். கையில் பிடித்து மரம் குடையும் கை ரூட்டர் 20,000-ஐத் தாண்டும். இரண்டு வெட்டுமுனை உள்ள பிட்டில், பலகையை நிமிடத்துக்கு 3 மீட்டர் நகர்த்தினால், 5,200 சுற்றில் ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய 0.29 மி.மீ. மரத்தைக் கடிக்கும். 22,000 சுற்றில் அது 0.07 மி.மீ. மட்டுமே. நம் பக்கத்து மாமரப் பலகையில் நார் ஒரே திசையில் ஓடுவதில்லை. அவ்வளவு பெரிய கடியில் நார் பிய்ந்துகொண்டு வரும், பலகையும் கையை உதறும்.

ஆகவே மெஷினின் தூணையும் மேசையையும் மட்டும் பயன்படுத்துங்கள். தலைப்பகுதியில் கனமான கவ்வி அமைத்துத் தனி ரூட்டரைத் தொங்கவிடுங்கள். பிட்டை ரூட்டரின் காலெட் (பிட்டின் தண்டைச் சுற்றி இறுகும் பிளவுக் குழல்) பிடிக்கட்டும். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் கடைகளில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் கால் அங்குலத் தண்டுள்ள பிட்டும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட் இறுகியது போலத் தெரியும், சுமை ஏறியதும் நழுவும். வெர்னியரில் அளந்துவிட்டுப் போடுங்கள்.

வழிகாட்டும் பின்னைப் பித்தளையில் செய்யச் சொல்லுங்கள். எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். தவறிக் கட்டர் பட்டாலும் எஃகு அளவுக்கு முனை சிதறாது. மையம் பிடிக்க, காலெட்டில் நேரான கம்பியை மாட்டி மேசைத் துளைக்குள் இறக்கிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கும் இடத்தில் மேசையையும் தலையையும் பூட்டுங்கள். பல்பயன் மெஷினில் இரண்டுமே நகரக்கூடியவை. அரை மி.மீ. விலகினால்கூட, பலகையைத் திருப்பித் திருப்பி வெட்டும்போது பிழை பக்கத்துக்குப் பக்கம் மாறும். மேசையின் மூலையைக் கையால் அழுத்திப் பாருங்கள். தாழ்ந்தால் அடியில் ஒரு முட்டுக்கால் கொடுங்கள்.

கட்டர் கீழிருந்து நீட்டும் ரூட்டர் டேபிளில் பழகியவர்கள் தடுமாறும் இடம் தள்ளும் திசை. இங்கே கட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுற்றும். பலகை உங்களுக்கும் கட்டருக்கும் நடுவே இருந்தால் இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். டேபிளில் வலமிருந்து இடமாகத் தள்ளிய பழக்கத்தில் இங்கே தள்ளினால் கட்டர் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போகும். சிறு பலகையைக் கையால் பிடிக்காதீர்கள், டெம்ப்ளேட்டைப் பெரிதாக வெட்டி இரு பக்கமும் கைப்பிடி பொருத்துங்கள். ஒரு முறைக்கு 3 மி.மீ. ஆழம் போதும். கையுறை வேண்டாம். சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும். மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

கடைசியாக மின்சாரம். கை ரூட்டரின் சுவிட்ச் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் வகை. கரண்ட் போனதும் அணைக்க மறந்து, கட்டரை மாற்றக் கை வைத்த நேரத்தில் கரண்ட் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிணற்று மோட்டாருக்குப் போடுவது போல, கரண்ட் போனால் தானே விழுந்துவிடும் ஸ்டார்ட்டர் வழியாக ரூட்டருக்கு இணைப்புக் கொடுங்கள். எலக்ட்ரீஷியனுக்குச் சிறு வேலை. பொருத்தியதும் ரூட்டரை வெறுமனே ஓடவிட்டு, மெயினை அணைத்துத் திரும்பப் போடுங்கள். பிட் தானாகச் சுற்றத் தொடங்கினால், அதைச் சரி செய்யும்வரை அந்த மேசையில் பலகை வைக்காதீர்கள்.