வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகள்: ஒரு வெற்றிக்குள் விளைந்த அறியாமை

நல்ல நோக்கத்தோடு, ஆராய்ந்து செய்த செயலும் ஏன் எதிர்பாராத கேட்டை விளைவிக்கிறது என்ற கேள்வியை, அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கே. மெர்ட்டன் 1936இல் ஒரு சிறு கட்டுரையில் முறையாக எடுத்துக்கொண்டார். அறியாமை, கணிப்புப் பிழை, உடனடித் தேவையின் நெருக்கடி, அடிப்படை விழுமியங்களின் பிடி, முன்கூட்டிச் சொல்வதே நடக்கவிருப்பதை மாற்றிவிடுதல் என ஐந்து காரணங்களை அவர் காட்டினார். முதலாவதான அறியாமை பார்வைக்கு எளிது. தெரியாததால் தவறியது என்று முடித்துவிடலாம். ஆனால் அந்தத் தெரியாமை எங்கே பிறக்கிறது, எவ்வளவு காலம் எதன் துணையோடு நீடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகளின் வரலாறு நிறையச் சொல்லித்தருகிறது.

1971இல் வங்கதேசம் உருவானபோது அதன் ஊர்ப்புறங்களில் குளமும் ஆறும் முக்கியமான குடிநீர் ஆதாரங்களாக இருந்தன. அந்நீரால் பரவிய காலராவும் வயிற்றுப்போக்கும் ஏராளமான குழந்தைகளைக் கொன்றன. யூனிசெஃப்பும் அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் கைபம்பு பொருத்திய குழாய்க் கிணறுகளை ஊர்தோறும் இறக்கின. செலவு குறைவு, பயன் கண்கூடு என்பதால் மக்கள் தங்கள் கைப்பணத்திலேயே மேலும் மேலும் கிணறு போட்டுக்கொண்டனர். 1990களின் நடுப்பகுதியில் ஊர்ப்புற மக்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நிலத்தடி நீரையே குடித்தனர். இது பொதுச் சுகாதாரத்தின் பெருவெற்றியாகப் பாராட்டப்பட்டது.

ஆனால் இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து சேர்த்த வண்டலில், இரும்பு ஆக்சைடு படிந்த மணல் துகள்களின் மேல் ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலோடு புதைந்த தாவர மிச்சங்களை நுண்ணுயிர்கள் உண்ணும்போது அடியிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் அவை இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்த, அது கரைந்து ஆர்செனிக்கை நீரில் விடுவிக்கிறது. அந்த நீருக்கு நிறமாற்றமோ வேறு மணமோ சுவையோ இல்லை. நோய்க்கிருமிகளை வடிகட்டித் தந்த அதே மணற்படுகைதான் இந்த நஞ்சையும் தந்தது. தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கையில் தடிப்புகளும் தோன்றப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் ஆகும். புற்றுநோய் வர அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே குழந்தை இறப்பு குறையும் நன்மை உடனே தெரிய, தீமை ஒரு தலைமுறை தள்ளி வந்தது. உடனடித் தேவையின் நெருக்கடி என்று மெர்ட்டன் குறித்ததற்கு இது பொருத்தமான சான்று.

குடிநீரில் ஆர்செனிக் ஆபத்தானது என்பது யாரும் அறியாத செய்தியா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1963இலேயே லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என வரம்பு வகுத்திருந்தது. 1983இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாகா, மேற்கு வங்கத்துக் கிணற்று நீரால் ஆர்செனிக் நோய்க்குள்ளானவர்களை இனங்கண்டார். 1987க்குள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நோயாளிகளும் அங்கே கண்டறியப்பட்டனர். அதே நதிகள், அதே வண்டல். இருந்தும் வங்கதேசக் கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பது 1993இல்தான் நவாப்கஞ்சில் உறுதியானது. அறிவு இருந்தது; அது தோல் மருத்துவரிடம் இருந்தது, கிணறு தோண்டும் பொறியாளரின் பரிசோதனைப் பட்டியலில் இல்லை.

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் 1992இல் வெளியிட்ட வங்கதேச நிலத்தடி நீர் ஆய்வறிக்கையிலும் பல தனிமங்கள் சோதிக்கப்பட்டிருந்தன, ஆர்செனிக் மட்டும் விடுபட்டிருந்தது. இதற்காக இங்கிலாந்தில் தொடுக்கப்பட்ட வழக்கு 2006இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் தள்ளுபடியானது. கிணற்று நீரைக் குடித்த மக்களுக்கு அந்நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய உறவு எதுவும் இல்லை என்பது தீர்ப்பு. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஓர் அறிக்கையின் மௌனம் நடைமுறையில் உத்தரவாதமாகப் படிக்கப்படும் என்பதைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சமூகவியலுக்கு அதுவே முக்கியமான தரவு. செய்யப்பட வேண்டியிருந்தும் செய்யப்படாமல் விடப்பட்ட ஆய்வுகளை டேவிட் ஹெஸ் முதலிய சமூகவியலாளர்கள் தனியொரு ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டுள்ளனர். எதைச் சோதிப்பது, யார் பணம் தருவது, எந்தத் துறை யாரோடு பேசும் என்ற ஏற்பாடுகள் அறிவை ஆக்குவதுபோலவே அறியாமையையும் ஆக்குகின்றன. வெற்றி என்று பெயர் வாங்கிய திட்டத்தை மறுபடி சோதிக்கச் சொல்பவர் யாரும் இல்லாததும் அந்த ஏற்பாடுகளில் ஒன்று.

1998-99இல் நடந்த தேசிய ஆய்வில், ஆழம் குறைந்த கிணறுகளில் 27 விழுக்காடு 50 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது. சுமார் மூன்றரைக் கோடிப் பேர் அந்நீரைக் குடித்துவந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, கெட்டவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. ஒரு வீட்டுக் கிணறு சிவப்பாகவும் பக்கத்து வீட்டுக் கிணறு பச்சையாகவும் இருப்பது இப்படுகையின் இயல்பு. ஆனால் அடுத்தவர் முற்றத்தில் போய் நாள்தோறும் தண்ணீர் எடுப்பது குடும்ப உறவு, மானம், பெண்களின் நடமாட்டம் ஆகியவற்றோடு பின்னிய விஷயம். மறுபடி குளத்து நீருக்குத் திரும்பியவர்களுக்குப் பழைய வயிற்றுப்போக்கின் ஆபத்து காத்திருந்தது. தோல் நோயைத் தொற்று என்று அஞ்சி நோயாளிகளை ஒதுக்கியதும், அவர்களின் திருமணங்கள் தடைப்பட்டதும் நடந்தன.

150 மீட்டருக்கும் கீழே செல்லும் ஆழ்கிணறுகளில் பெரும்பாலும் ஆர்செனிக் குறைவு என்பதால் அரசு அவற்றை அமைத்தது. இடம் தேர்வதில் அரசியல்வாதிகளின் பரிந்துரை நுழைந்து, தேவைப்பட்ட ஊர்களை விடுத்து ஆதரவாளர்களின் வீட்டருகே கிணறுகள் போடப்பட்டதாக 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு குற்றம்சாட்டியது. இப்போது நீரியலாளர்களின் எச்சரிக்கை இன்னொன்று: வயல்களுக்கும் ஆழத்து நீரை ஏராளமாக இறைத்தால், மேலே உள்ள ஆர்செனிக் நீர் கீழிறங்கி அந்த அடுக்கையும் கெடுக்கக்கூடும் என்பதால், ஆழ்நீரைக் குடிப்பதற்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்கிறார்கள்.