முழங்காலுக்குள் நீர் எங்கிருந்து வருகிறது?

முழங்கால் வீங்கி நீர் கோர்த்துவிட்டது என்று வெள்ளவத்தைப் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "இரவில தயிர் சாப்பிடாதேங்கோ, தண்ணியையும் குறையுங்கோ" என்று உடனே பதில் வரும். குடிக்கும் தண்ணீருக்கும் அந்த வீக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. கொழும்பு வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகத்துக்குத்தான் வம்பு. யூரிக் அமிலம் கூடியவருக்கு மூட்டுக்கும் வம்பு.

முழங்கால் மூட்டு எல்லாப் பக்கமும் மூடிய ஒரு பை. அதன் உட்புறத்தில் சினோவியல் சவ்வு என்ற மெல்லிய படலம் இருக்கிறது. இரத்தத்தில் இருந்து வடியும் திரவத்தோடு ஹயலூரோனிக் அமிலத்தைச் சேர்த்து மூட்டுநீரை உண்டாக்குவது இந்தச் சவ்வுதான். முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பான நீர் அது. நல்ல முழங்காலில் 4 மில்லிலீற்றர் இருந்தாலே அதிகம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது; அதற்கு ஊட்டம் போவது இந்த நீர் வழியாகத்தான். எனவே மூட்டுநீர் இருப்பது நோயல்ல, அளவுமீறிக் கூடுவதுதான் சிக்கல்.

சவ்வில் அழற்சி வந்தால் அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். நிணநீர்க் குழாய்கள் வடித்து எடுப்பதை விட வேகமாக உள்ளே நீர் சேரும். எவ்வளவு வேகம் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். விழுந்தோ விளையாடும்போது கால் திருகியோ இரண்டு மணி நேரத்துக்குள் ஊதினால் உள்ளே இரத்தம் கசிகிறது, பெரும்பாலும் எலும்புகளைப் பிணைத்து உள்ளே இருக்கும் லிகமென்ட் என்ற நார் கிழிந்திருக்கும். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டைச் சந்தேகிக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மாடிப்படி ஏறிய நாளில் கூடி, ஓய்ந்த நாளில் குறைந்தால் தேய்மானம். படுக்கும்போது நன்றாக இருந்து, விடிவதற்குள் சிவந்து கொதித்தால் கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகத் தங்கும் நோய், ஆக இருக்கலாம். 2006இல் சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு, காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டு விடாமல் படுத்திய பாடு நினைவிருக்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். காலை நீட்டி, தொடையைத் தளர்த்தி வையுங்கள். முழங்கால் சில்லின் உட்பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதை உள்ளங்கையால் மேல்நோக்கித் தடவினால் நீர் தொடைப் பக்கம் ஒதுங்கும். பிறகு சில்லின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். வெறுமையான பள்ளம் மெதுவாக மேடாகி வந்தால் உள்ளே நீர் நிற்கிறது.

நோ இல்லாவிட்டால் நீரை அப்படியே விட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முழங்கால்களுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிலீற்றர் போனதுமே தொடையின் உட்பக்கத் தசையின் செயல் மங்கிவிட்டது. 50, 60 ஆனபோது முன்தொடையின் மற்றத் தசைகளும் அதே வழிக்கு வந்தன. அந்த முழங்கால்களில் காயமும் இல்லை, நோயும் இல்லை. பை விரிந்ததை உணர்ந்த நரம்புகள், முள்ளந்தண்டு வழியாகத் தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவிட்டன. பஸ்ஸில் இருந்து இறங்கும்போது முழங்கால் சட்டென்று மடிந்துபோவது இதனால்தான். தசை மெலிய மெலிய மூட்டின் சுமை கூடும். சவ்வு இன்னும் எரிச்சலடையும். நீர் இன்னும் ஊறும்.

ஆகவே முழு ஓய்வு ஓரிரு நாளைக்குத்தான். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வையுங்கள், காலை உயர்த்திப் படுங்கள், இலாஸ்டிக் பண்டேஜை இறுக்காமல் சுற்றுங்கள். குந்துவதையும் சம்மணம் கட்டுவதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். நோ அடங்கியதும் முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, அதைக் கட்டிலோடு அமுக்கி ஐந்து விநாடி பிடியுங்கள். தூங்கும் தசையை எழுப்ப இதைவிட எளிய பயிற்சி இல்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே இரவெல்லாம் படுப்பது மட்டும் வேண்டாம். பாதி மடங்கிய நிலையில் உள்ளழுத்தம் குறைவு என்பதால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுதாக நீளாது.

ஊசியால் நீரை எடுத்தால் உடனே இலேசாகும். காரணம் அப்படியே இருந்தால் மறுபடியும் ஊறும், அதற்கு ஊசியைக் குறை சொல்லிப் பயனில்லை. எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். தெளிந்த வைக்கோல் நிறம் தேய்மானத்தில் வரும். கலங்கல் என்றால் அழற்சி. நுணுக்குக்காட்டியில் ஊசி போன்ற யூரேற் என்ற யூரிக் அமிலப் படிகங்கள் தெரிந்தால் கவுட் உறுதி. 1961இல் இருந்து கவுட்டை உறுதிப்படுத்த இதுதான் முதன்மையான வழி.

ஒரே முழங்கால் கொதித்து, காய்ச்சலும் வந்து, காலை அசைக்கவே முடியாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே அழித்துவிடும். போகும் வழியில் பார்மசியில் டைக்லோபெனக், இபுப்ரோபன் வாங்கி விழுங்காதீர்கள். கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கக்கூடும், அதில் இந்த மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். டொக்டர் பார்க்கும்வரை அளவோடு பரசிட்டமோல் போதும்.