யார் ஜெயித்தார், யார் ஜெயிப்பார்: குத்துச்சண்டைத் தரவரிசையில் இரண்டு கேள்விகள்

விளையாட்டுத் தரவுகளை வைத்துக் கணினித் தரவரிசை தயாரிப்பது என் வேலை. குத்துச்சண்டை என்றால் எப்போதும் வரும் புகார் ஒன்றுதான்: "போன மாசம் அடி வாங்கினவர் மேலே இருக்கார், அடிச்சவர் கீழே இருக்கார். இது என்ன கணக்கு?"

புகாரில் நியாயம் இருக்கிறது. கணக்கிலும் பிழை இல்லை.

2019 ஜூன் 1, நியூயார்க். தோல்வியே காணாத உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவை, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய வேறொருவருக்குப் பதிலாக வந்த ஆண்டி ரூயிஸ் நான்கு முறை கீழே தள்ளினார். ஏழாவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். இதைச் செஸ்ஸில் நமக்குப் பழக்கமான ஈலோ முறையில், அதாவது ஒவ்வொரு மோதலிலும் தோற்றவரிடமிருந்து ஜெயித்தவருக்குப் புள்ளி போகும் முறையில், போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒருவர் 1800 புள்ளி, இன்னொருவர் 1600. குறைந்த புள்ளிக்காரர் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 24 சதவீதம். அவர் ஜெயித்தால், ஒரு சண்டைக்கு அதிகபட்சம் 32 புள்ளி மாறலாம் என்ற அளவில், 24 புள்ளி கைமாறும். இப்போது 1776, 1624. தோற்றவர் இன்னும் 152 புள்ளி மேலே!

ஒரே சண்டையில் வரிசை மாற வேண்டுமானால் அந்த 32ஐ 130க்கும் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஒவ்வொரு சண்டைக்கும் பட்டியல் தாறுமாறாக ஆடும், கணிப்பு கெட்டுப்போகும். ஜோஷுவா விஷயத்தில் கணிப்பு பக்கம்தான் சரியாக இருந்தது. டிசம்பர் 7 அன்று சவூதியின் திரியாவில் இருவரும் திரும்ப மோதியபோது பந்தயக்காரர்கள் அவரையே நம்பினார்கள், அவரும் நடுவர்கள் போட்ட புள்ளிகளில் ஜெயித்தார். ஆனால் இடைப்பட்ட ஆறு மாதம் பட்டங்கள் ரூயிஸிடம் இருந்தன. அவரைக் கீழே வைத்த பட்டியலை எந்த ரசிகர் ஒப்புக்கொள்வார்?

'ஜெயித்தவர் மேலேதான் இருக்க வேண்டும்' என்று விதி போட்டுவிடலாமே என்பார்கள். 1973இல் கென் நார்ட்டன் முகமது அலியை வென்றார். 1974இல் ஜார்ஜ் ஃபோர்மன் நார்ட்டனை வென்றார். அதே ஆண்டு அலி ஃபோர்மனை வென்றார். இந்த மூவரை அந்த விதிப்படி வரிசைப்படுத்த முடியாது.

அதனால் மனிதர் குழுவிடமே விட்டுவிடலாம் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2000இல் இறந்துபோன டேரின் மோரிஸ் என்ற வீரரை, உலகப் பட்டங்கள் தரும் அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டை அமைப்பு (WBO) அதன்பிறகும் 7ஆம் இடத்திலிருந்து 5ஆம் இடத்துக்கு உயர்த்தியது. ஆள் உயிரோடு இல்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

என் கருத்து இதுதான்: ஒரே எண்ணில் இரண்டையும் கலக்காதீர்கள். இதுவரை யார் யாரை வென்றார் என்பதற்கு ஒரு பட்டியல், நாளை மோதினால் யார் ஜெயிப்பார் என்பதற்கு இன்னொன்று. பட்டத்துக்கான வாய்ப்பு முதல் பட்டியலை வைத்துத் தரப்பட வேண்டும். இரண்டாவதில், முன்பு சொன்ன கணிப்புகள் எத்தனை பலித்தன என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

அப்புறம், நம்பகத்தன்மை என்பது ரசிகர் கோபம் மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. குத்துச்சண்டை வீரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் மோதுவார், பலர் தங்கள் வட்டாரத்துக்குள்ளேயே மோதுவார்கள். தோற்பதற்கென்றே கூட்டிவரப்பட்டவர்களை அடித்து 15க்கு 15 வெற்றி வைத்திருப்பவருக்கும் எண் அழகாகத்தான் வரும். வெளியாட்களோடு மோதாத வட்டத்தின் எண்ணை வெளியே உள்ளவரின் எண்ணோடு ஒப்பிடக் கணக்கில் ஆதாரமே கிடையாது. அதை நம்பி ஒருவரைப் பலமான எதிராளி முன் நிறுத்தினால் அடி விழுவது அவர் தலையில்.

சண்டை ஏற்பாடு செய்பவர்கள், அனுமதி தரும் அதிகாரிகள், பயிற்சியாளர்கள் எல்லோரும் எண்ணைப் பார்த்ததும் மூன்றைக் கேளுங்கள். இது எத்தனை சண்டைகளிலிருந்து வந்தது? கடைசிச் சண்டை எப்போது? எதிராளிகள் யார் யாரோடு மோதியவர்கள்? பதில் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, சண்டை வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள்.